கேத வீட்டுல கேமரா: ஸ்டுடியோக்காரர் பதில்கள்

போன இதழ்ல "கேத வீட்டுக்கும், அதான் சாவு வீட்டுக்கும், போட்டோ எடுக்கப் போறதுண்டு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். வழக்கமா கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ், பழைய கேசட்டை பென்டிரைவ்ல ஏத்துறதுன்னு கேக்குறவங்க எல்லாரும் இந்தத் தடவை அதையே புடிச்சுக்கிட்டாங்க. சரி, இந்த இதழ் பூரா அதுதான்.

கேள்வி: எங்க பூர்வீக வீட்டு ரெண்டாம் கட்டுல பெரிய பிரேம் போட்ட போட்டோ ஒண்ணு இருக்கு. எங்க ஐயாவோட அப்பச்சி (அவரோட அப்பா) நடுவுல நாற்காலியில மாலையோட உக்காந்திருக்கார், சுத்தி பெரியவங்களும் புள்ளைங்களும். ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்ல, அவர் கண்ணு மட்டும் ஒரு மாதிரி இருக்கு. சென்னையிலேர்ந்து வந்த மருமக, "இது செத்தவர் போட்டோ, பயமா இருக்கு, பழைய சாமான் கடையில போட்டுருவோம்"ங்கிறா. நெசமாவா?
(ஒரு ஆச்சி, தேவகோட்டை)

ஆச்சி, நீங்க அனுப்புன படத்தை கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாத்தேன், மருமக சொல்றது சரிதான். தாடைக்குக் கீழ மெல்லிசா ஒரு வெள்ளைத் துணி போயி காதுக்குப் பின்னாடி மறையுது பாருங்க, அது நாடிக்கட்டு, செத்தவங்க வாய் தொறந்துக்காம இருக்கக் கட்டுறது. நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறவரோட வலது கை வெளிய தெரியல, பெரியவரோட பிடரியைத் தாங்கிப் பிடிச்சிருக்கார். கண்ணு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது மூடியிருந்த கண்ணுதான், பிரிண்ட் போட்டப்புறம் ஸ்டுடியோவுல பிரஷ்ஷால தொறந்த மாதிரி தீட்டியிருக்காங்க. அப்ப அது பெரிய கைவேலை, எல்லாருக்கும் வராது.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, மத்தவங்க முகமெல்லாம் லேசா கலைஞ்சிருக்கு, முன்னாடி உக்காந்திருக்கிற சின்னப்பையனுக்கு ரெண்டு மூக்கு இருக்குற மாதிரி தெரியுது, ஆனா உங்க பெரியவர் மீசை மட்டும் முடி முடியா எண்ணிரலாம். அந்தக் காலத்து பிளேட் கேமராவுல வெளிச்சம் கம்மியா இருந்தா லென்ஸ் மூடியைத் தொறந்து சில செகண்டு வச்சிருந்துதான் மூடணும், அதுவரைக்கும் ஆடாம இருந்தது அவர் ஒருத்தர்தான். வளவுக்குள்ள, அதான் உள்கட்டுல, இருட்டுங்கிறதால வாசப்பக்க முகப்புக்குத் தூக்கிட்டு வந்து உக்கார வச்சிருக்காங்க, தூண் நிழல் விழுந்திருக்கிறதை வச்சுச் சொல்றேன்.

ஏன் எடுத்தாங்கன்னு மருமகளுக்குச் சொல்லுங்க, பயம் போயிரும். அப்ப நம்ம செட்டிநாட்டு ஆம்பளைங்க பாதிப் பேரு ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சைகோன், கொழும்புன்னு வட்டிக்கடையில இருந்தாங்க. ஏஜெண்டாப் போனா மூணு வருஷக் கணக்கு, நடுவுல எந்திரிச்சு வர முடியாது. அப்பச்சி போயிட்டார்னு தந்தி சீக்கிரம் போயிரும், ஆனா மகன் வரணும்னா கப்பல், 1926-ல கட்டுன ரஜூலா மாதிரி கப்பல்ல ஏறினாலும் பினாங்கு மெட்ராஸ் நாள் கணக்காகும், அதுவரைக்கும் உடம்பைப் போட்டு வைக்க முடியுமா என்ன, ஐஸ் பெட்டியா இருந்துச்சு? அதனாலதான் ஸ்டுடியோக்காரரை மாட்டு வண்டி வச்சு கூட்டியாந்து, குடும்பத்தையே நிக்க வச்சு எடுத்தாங்க, ஒரு காப்பி வீட்டுக்கு, ஒரு காப்பி மகன் இருந்த வெளிநாட்டுக் கிட்டங்கிக்கு. அந்த மகன் அதைப் பாத்துத்தான் அழுதிருப்பார். நெறைய பேருக்கு வாழ்நாள்லயே எடுத்த ஒரே போட்டோவும் அதுதான், அதுக்கு முந்தி எடுக்கணும்னு யாருக்கும் தோணல.

கடையில போடாதீங்க ஆச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாருங்க, யாரோட அப்பச்சியோ பர்மா டப்பாவுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவுல விலைச்சீட்டோட தொங்குறார், ஓட்டல்காரங்க சுவத்துல மாட்ட வாங்கிட்டுப் போறாங்க. உங்க வீட்டுப் பெரியவர் எவனோ ஆப்பம் திங்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?

படம் கண்ணாடியோட ஒட்டிப்போயிருந்தா பிச்சு எடுக்காதீங்க, முகம் கண்ணாடியோட வந்துரும். கண்ணாடிக்கு மேலயே, பிளாஷ் இல்லாம, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வச்சு ஒரு நல்ல கேமராவுல எடுத்துக்கலாம். பிரேமுக்குப் பின்பக்கப் பலகையைக் கழட்டிப் பாருங்க, கரையான் இருந்தா அங்கதான் இருக்கும், ராமபாணப் பூச்சியும் அங்கதான். அட்டையில ஸ்டுடியோ சீல் இருந்தா வெட்டிறாதீங்க, அதை வச்சுத்தான் எந்தக் காலத்துப் படம்னு ஓரளவு சொல்ல முடியும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல தமிழ்நாட்டு பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் பண்ணாங்க, பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட. அதுல இந்த மாதிரி சாவுப் படங்களும் உண்டு. சுவத்துல வேணாம்னா பருத்தித் துணியில சுத்திப் பெட்டகத்துல வைங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், உள்ள வேர்த்துப் பூஞ்சை புடிச்சிரும். யார் யார் நிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்ச பேரை எல்லாம் பின்னாடி பென்சிலால எழுதி வச்சிருங்க, உங்களுக்கப்புறம் சொல்ல ஆள் இல்ல.

கேள்வி: நான் சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன். ஆத்தா போனப்ப உடனே வர முடியல. தம்பி போன்ல வீடியோ கால் போட்டுக் காட்டுனான். பாதியில அயித்தை "சாவு வீடா சினிமாவா"ன்னு போனைப் புடுங்கி வச்சுட்டாங்க. நான் நீர்மாலையோட (குளிப்பாட்டத் தண்ணி எடுத்து வர்ற சடங்கு) விட்டது, அப்புறம் எதையும் பாக்கல. இன்னும் ஆறல அண்ணே. அவங்க செஞ்சது சரியா?
(பள்ளத்தூர்க்காரர், சிங்கப்பூர்)

தம்பி, உங்க அயித்தை மேல கோபம் வேணாம். அவங்களுக்கு அந்த போனுக்குள்ள இருந்தது நீங்கதான்னே தெரிஞ்சிருக்காது, எவனோ வேடிக்கைக்கு எடுக்குறான்னு நெனச்சிருப்பாங்க. மொதல்லயே உங்க தம்பி அவங்க கையில போனைக் குடுத்து "அயித்தை, அண்ணன் பேசுது"ன்னு ரெண்டு வார்த்தை பேச வச்சிருந்தா அவங்களே போனைப் புடிச்சிருப்பாங்க.

தூர தேசத்து சாவு எப்பவுமே இப்படித்தான். நம்ம சிறுகூடல்பட்டி கண்ணதாசன் 1981 அக்டோபர் 17-ல சிகாகோவுல இறந்தார், உடம்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து எரியூட்டுனது 22-ந் தேதி. அவ்வளவு பேர் வாங்குன மனுஷனுக்கே அத்தனை நாள் ஆச்சு. இப்ப லீவு கேட்டு டிக்கெட் போட்டு திருச்சியில எறங்கி ஊருக்கு வர்றதுக்குள்ள எடுத்துருவாங்க, அதனால வீடியோ காட்டுறது தப்பே இல்லன்னுதான் நான் சொல்லுவேன், அன்னைக்கு பினாங்குக்கு போட்டோ போன மாதிரிதான் இது.

ஆனா முறையா செய்யணும். எல்லாரும் ஆளுக்கொரு போனைத் தூக்காம ஒரே ஒரு போன், வளவுத் தூணோரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்திரணும், கையில வச்சுக்கிட்டு முகத்துக்குக் கிட்ட கொண்டு போறது கூடாது, அழுறவங்களை ஜூம் பண்றது கூடவே கூடாது. குளிப்பாட்டுறப்ப, கோடித் துணி மாத்துறப்ப ஆஃப். அந்தப் பக்கம் இருக்கிறவங்க மைக்கை அமுக்கி வச்சிருக்கணும், இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நான் போன ஒரு வீட்டுல பேரப்புள்ளைங்க நெய்ப்பந்தம் புடிச்சுக்கிட்டு சுத்தி வர்ற நேரத்துல வெளிநாட்டுலேர்ந்து குக்கர் விசில் மூணு தடவை அடிச்சுச்சு, அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு சிரிப்பு வந்துருச்சு, மீதிப் பேருக்குக் கோபம். சுடுகாட்டுல கொள்ளி வைக்கிற வரைக்கும் காட்டலாம், அதோட நிறுத்திக்கணும், பத்தி எரியறதைப் போன்ல பாக்க வேண்டியதில்ல.

உங்களுக்கு ஒண்ணு. அன்னைக்கு யாராவது எடுத்த படம் கண்டிப்பா இருக்கும், தம்பியை விட்டு விசாரிக்கச் சொல்லுங்க. பாக்கணும்னா தனியா பாக்காதீங்க, ஊருக்கு வந்து அயித்தையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாருங்க.

கேள்வி: அப்பச்சி ஐ.சி.யூ.வுல மூக்குல டியூப், வாயில டியூப்னு கெடந்ததை ஒரு சொந்தக்காரர் எடுத்து பங்காளிங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டு "பிரே பண்ணுங்க"ன்னு எழுதிட்டார். இப்ப அப்பச்சி இல்ல, அந்தப் படம்தான் எல்லார் போன்லயும் இருக்கு.
(காரைக்குடி)

இதுல எனக்கு ரெண்டு பேச்சு கெடையாது, அவர் செஞ்சது அசிங்கம். எடுக்கப்படுறவரால "வேணாம்"னு கைய ஆட்டக்கூட முடியாத நேரத்துல எடுக்கிற படத்துக்கு, வீட்டாளுங்க ஒருத்தராவது சம்மதிச்சிருக்கணும். குரூப் அட்மின் யாருன்னு பாத்துச் சொல்லுங்க, மத்தவங்க போட்டதை அவர் அழிக்கலாம், யார் அழிச்சாலும் ரெண்டு நாள் சொச்சத்துக்குள்ள அழிச்சாத்தான் எல்லார் போன்லேர்ந்தும் போகும். அதுக்குள்ள கேலரியில எறங்குனது எறங்குனதுதான், ஒவ்வொருத்தரா கேட்டுத்தான் அழிக்க வைக்கணும், வெக்கப்படாம கேளுங்க. அதே குரூப்புல அவரோட நல்ல படத்தை நாலு போட்டு விடுங்க, கடையில உக்காந்திருக்கிறது, மாசி மகத்துக்குப் போனது, எது இருந்தாலும்.

கடைசி நேரத்துல படம் எடுக்கவே கூடாதான்னா, அப்படியும் இல்ல. எடுக்கணும்னு மனசு சொன்னா கையை எடுங்க. அவர் கையும் உங்க கையும், டியூப் ஊசி தெரியாம. நான் பிரேம் போட்டுக் குடுத்ததுல ஜனங்க திரும்பித் திரும்பி காப்பி கேட்டு வாங்குனது அந்த மாதிரிப் படங்களைத்தான்.

கேள்வி: எட்டாம் மாசத்துல எங்க குழந்தை வயித்துலயே போயிருச்சு. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் அக்கா என் போன்ல மூணு படம் எடுத்துக் குடுத்தாங்க. "அழிச்சிரு, அதைப் பாத்துக்கிட்டே இருந்தா அடுத்தது தங்காது"ன்னு மாமியார் சொல்றாங்க.
(பேரும் ஊரும் வேணாம்)

அழிக்க வேணாம் தாயி.

நம்ம பக்கம் பிஞ்சு போனா பொதைச்சிட்டு வந்துருவாங்க, கருமாதி இல்ல, படம் இல்ல, பேரு கூட இல்ல. உங்க மாமியாரும் அப்படி ஏதாவது ஒண்ணைத் தாண்டித்தான் வந்திருப்பாங்க, அதனால அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா படத்துக்கும் அடுத்த குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அதை டாக்டரம்மாகிட்ட கேளுங்க. அமெரிக்காவுல கொலராடோவுல 2005-ல இதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, போட்டோகிராபர்கள் காசு வாங்காம ஆஸ்பத்திரிக்கே வந்து இந்தக் குழந்தைகளை அம்மா அப்பாவோட எடுத்துக் குடுப்பாங்க. பிளாக் அண்ட் ஒயிட்லதான் குடுப்பாங்க, தோல் நெறம் மாறியிருக்கும்ல, அது தெரியாது.

மொதல்ல வேற ஒரு எடத்துல காப்பி போட்டு வைங்க, போன் கீழ விழுந்து போச்சுன்னா மூணும் போயிரும். அப்புறம் போன்ல லாக்டு ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டா நீங்களா தொறந்தாத்தான் தெரியும், இல்லன்னா "ஒரு வருஷம் முன்னாடி இதே நாள்"னு போன் பாட்டுக்குக் காட்டித் தொலைக்கும். பிரிண்ட் வேணும்னா வாங்க, பிளாக் அண்ட் ஒயிட்ல கை சைஸுக்குப் போட்டுத் தர்றேன். கடையில யாரும் எதுவும் கேக்க மாட்டோம்.

கேள்வி: பதினாறாம் நாள் படத்துக்கு ஆதார் கார்டு போட்டோதான் கெடைச்சுது. அதை ஏ.ஐ.ல சிரிக்க வச்சுக் குடுத்துட்டாங்க. ஆயா மாதிரியே இல்ல.
(கானாடுகாத்தான்)

எப்படி இருக்கும், அது எவ ஆயாவோட சிரிப்போ! சட்டையே போடாத ஐயாக்களுக்கு கோட் மாட்டி விட்ட தொழில்தான் எங்களுது, அதனால நான் ரொம்பப் பேசக்கூடாது, ஆனாலும் பல்லு இல்லாத ஆயாவுக்குப் பல்லு வச்சு விடுறது அநியாயம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் ஆல்பம் சொந்தக்காரங்க வீட்டுல தேடுங்க, ஓரத்துல எங்கயாவது நிப்பாங்க, அதுலேர்ந்து எடுத்துக்கலாம். படிக்கிற மத்தவங்க, வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே முகப்புத் திண்ணையில உக்கார வச்சு காலை வெயில்ல ஒண்ணு எடுத்து வைங்க. அபசகுனம்னு சொல்லுவாங்க, பேரன் பேத்தியையும் பக்கத்துல உக்கார வச்சிட்டா சொல்ல மாட்டாங்க.

கேள்வி: இறந்தவங்க படத்தை எந்தத் திசையில மாட்டணும்?
(புதுவயல்)

திசை உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது, வெயில் நேரா விழற சுவத்துல வேணாம், முத்தத்துச் சாரல் அடிக்கிற பக்கமும் வேணாம்.

கேள்வி: கேத வீட்டுல காசு எப்படிக் கேப்பீங்க?
(ஒரு புது போட்டோகிராபர், திருப்பத்தூர்)

கேக்க மாட்டோம். எடுத்து முடிச்சதும் "வர்றேன்"னு சொல்லாம கெளம்பிர வேண்டியது, கருமாதி முடிஞ்சதும் அவங்களே குடுத்து விடுவாங்க, சில பேர் மறந்துருவாங்க, அதை எழுதி வச்சுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து நாம குளிக்கலாம், கேமராவை என்ன பண்றதுங்கிறதுதான் பிரச்சினை. எங்க வீட்டுல வாசல்லயே நிக்க வச்சு பை மேல மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க, லென்ஸைக் கழட்டி சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நிப்பேன்.

கடைசியா ஒரு விண்ணப்பம், கேள்வி அனுப்புறவங்க பழைய படத்தை போன்ல எடுத்து அனுப்புனாப் போதும். ஒருத்தர் பிரேமோட பார்சல் போட்டுட்டார், வந்து சேர்ந்தப்ப கண்ணாடி சுக்குநூறு, நல்ல வேளை படத்துக்கு ஒண்ணும் ஆகல. கண்ணாடி மாத்தி வச்சிருக்கேன், அவர் கடைக்கு வந்து வாங்கிக்கலாம்.