அகில் மரம்: கேட்டதும் சொன்னதும்

கே: அகில் மரத்தை வெட்டினாலே கமகமவென்று மணக்குமாமே?

ப: மணக்காது. நோயில்லாத அகில் கட்டை வெளுப்பாக, லேசாக, வாசமில்லாமல்தான் இருக்கும். புழு துளைத்தோ கிளை முறிந்தோ காயம்பட்டு, அதன் வழியே பூஞ்சை புகுந்தால் மரம் தற்காப்புக்குப் பிசினைச் சுரக்கும். அது ஊறிக் கறுத்த இடம்தான் வாசனைக் கட்டை. குறுக்கே அறுத்த வில்லையைப் பார்த்தால் புரியும்: வெள்ளைக் கட்டையில், புழு போன துளையைச் சுற்றி மட்டும் மை கசிந்தாற்போல் பழுப்புத் திட்டு. மற்றதெல்லாம் வெறும் மரம்.

கே: காயம்பட்ட மரத்தை மட்டும் வெட்டலாமே, ஐயா? ஏன் காட்டையே அழிக்கிறார்கள்?

ப: உள்ளே பிசின் இருக்கிறதா என்பது வெளியே தெரியாதே! பழகிய கண் பட்டையில் துளை, பட்டுப்போன கிளை என்று பார்த்து ஊகிக்கும். ஊகம் தப்பினாலும் மரம் போனது போனதுதான். அசாமிலிருந்து இந்தோனேசியா வரை இதே கதை. அகில் வகைகளில் ஒன்றான அக்விலேரியா மலாக்கென்சிஸ் இனம் 1995 முதல் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிறகு பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். இது முழுத் தடை அல்ல, அனுமதிச் சீட்டோடு ஏற்றுமதி செய்யலாம். பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கே: தோட்டம் போட்டால் கோடி கோடியாக வரும் என்கிறார்களே?

ப: கன்று விற்பவர் சொல்லியிருப்பார். மரம் வளரும், பிசின் வைக்குமா என்பது வேறு கேள்வி. தண்டில் துளையிட்டுப் பூஞ்சைக் கரைசல் செலுத்துகிறார்கள். ஒரே வரிசையில் நின்றாலும் ஒரு மரம் கறுக்கும், பக்கத்து மரம் வெள்ளையாகவே நிற்கும். விதையும் உலர்ந்தால் முளைக்காது. விழுந்த சில நாளிலேயே விதைக்க வேண்டும்.

கே: தண்ணீரில் மூழ்கினால் அசல்தானே?

ப: பிசின் நிறைந்த கட்டை மூழ்கும். சீன மொழியில் அதன் பெயரே 'மூழ்கும் வாசனை'தான். ஆனால் எண்ணெய் ஏற்றிய போலிக் கட்டையும் மூழ்குமே! நகக்கண் அளவு சிராயைக் கனலில் வையுங்கள். அசலில் பிசின் நுரைத்துக் கசியும், புகை இனிக்கும். போலியில் முதலில் சென்ட் வாசம், பிறகு விறகுப் புகை.

கே: ஊத் என்பது வேறா?

ப: இதேதான். அரபியில் 'கட்டை' என்று பொருள்.

கே: மேற்குத் தொடர்ச்சி மலை வெள்ளை அகில்?

ப: அது வேம்புக் குடும்பம். பெயர் மட்டும்தான் ஒன்று.