கொள்ளுத்தாத்தாவின் போர்ப் பதக்கத்தை விற்று மகளுக்கு ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஜமேதாராக இருந்தவர், முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) சண்டை போட்டவர். அவருடைய மூன்று பதக்கங்கள் அப்பாவுக்குப் பிறகு என்னிடம் இருக்கின்றன. ஒன்று ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்), மற்ற இரண்டும் போர்ப் பதக்கங்கள். ஒரு வியாபாரி ஐ.டி.எஸ்.எம். ஒன்றை மட்டும் 40,000 ரூபாய்க்குக் கேட்கிறார். மகளின் கல்லூரிக்கு 3 லட்சம் தேவை. தம்பி, 'வெள்ளிதானே, உருக்கிவிடலாம்' என்கிறார். என்ன செய்யலாம்? - வேலூர் மாவட்ட வாசகர்

பதில்: முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். அந்தப் பதக்கத்தில் இருப்பது 30 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வெள்ளி, அவ்வளவுதான். மூன்றில் ஒன்று, முதல் உலகப் போரில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்த விக்டரி மெடலாக இருந்தால் அது வெறும் வெண்கலம், உருக்கினால் டீச் செலவுக்குக்கூடக் காணாது. இந்த மாதிரிப் பொருளுக்கு விலையே யார் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்பதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, ஆல்ஃபிரட் ஷவுட் என்று ஒரு கேப்டன், நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியப் படையில் இருந்தவர். 1915 ஆகஸ்ட் 9, துருக்கியின் கலிப்போலியில் லோன் பைன் என்ற இடத்துப் பதுங்குகுழிகளில் எதிரியை விரட்டும்போது மூன்று வெடிகுண்டுகளை ஒரே நேரத்தில் பற்றவைத்து வீசினார், கடைசிக் குண்டு கையிலேயே வெடித்துவிட்டது, இரண்டு நாளில் இறந்துபோனார். அவருக்குக் கிடைத்த, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸும் வெண்கலம்தான். 2006-ல் சிட்னியில் குடும்பத்தினர் அதை அவருடைய மற்ற பதக்கங்களோடு ஏலத்துக்கு விட்டபோது சுமார் 12 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது, வாங்கிய தொழிலதிபர் கெர்ரி ஸ்டோக்ஸ் அதைக் கான்பராவில் இருக்கும் போர் நினைவகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த 12 லட்சத்தில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் அடக்கம், அதனால் செய்தியில் வரும் தொகை அப்படியே விற்பவர் கைக்கு வராது என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

உங்களுடையது விக்டோரியா கிராஸ் இல்லை, அந்த விலையெல்லாம் வராது. ஆனால் ஐ.டி.எஸ்.எம். சும்மா கிடைத்ததும் இல்லை. 1907-ல் தொடங்கி பிரிட்டிஷ் ஆட்சி முடியும் வரை இந்தியச் சிப்பாய்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் கொடுத்த விருது அது, போரில் இருந்த எல்லோருக்கும் வந்தது இல்லை. ஜமேதார் என்றால் இன்றைய நாயப் சுபேதார், அதாவது இளநிலை அதிகாரி. கூட இருக்கும் பிரிட்டிஷ் வார் மெடல் லட்சக்கணக்கில் அடித்தது, தனியாக அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் ஒரே ஆளின் மூன்றும் சேர்ந்திருந்தால் சேகரிப்பவர்கள் தனி மரியாதை கொடுப்பார்கள். வியாபாரி ஒன்றை மட்டும் கேட்பது உங்களுக்கு நல்லதில்லை, பிரித்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

நல்ல வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். பதவி, பெயர், படைப்பிரிவு (சாதாரணச் சிப்பாய் என்றால் எண்ணும்) சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கும். 'மெட்ராஸ்' என்ற சொல் இல்லையே என்று பயப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் அந்தப் படைக்குப் பெயரே 'இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'தான். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டிய போலிகளும் சந்தையில் உண்டு, அதில் விளிம்பு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து பள்ளமாகத் தெரியும். உங்களுடையது வீட்டிலேயே இருந்தது என்பதே பெரிய பலம். தயவுசெய்து புளியோ பீதாம்பரியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நாடா நைந்திருந்தாலும் மாற்றாதீர்கள். பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் தாள், பழைய போட்டோ எது கிடைத்தாலும் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள், விலையைத் தூக்கிவிடுவது அவைதான். சாப்பர்ஸ் படையின் தலைமையகம் பெங்களூரு அல்சூரில் இன்றும் இருக்கிறது, அருங்காட்சியகமும் உண்டு, பெயரையும் விவரத்தையும் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

யாராவது 'லண்டனுக்கு அனுப்பினால் நல்ல விலை' என்று சொன்னால் கேட்காதீர்கள். 100 ஆண்டு தாண்டிய பொருள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். உள்நாட்டில் விற்கலாம். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் தேவை என்பதால் அந்த வியாபாரியிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். பெங்களூரு, மும்பையில் நாணயமும் பதக்கமும் ஏலம் விடும் நிறுவனங்கள் இருக்கின்றன, குறைந்தது இரண்டு இடத்தில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

வரி விஷயம்: பரம்பரைச் சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், லாபத்துக்கு வரி வந்தால் 12.5 சதவீதம். இதைத் தனிப்பட்ட உபயோகப் பொருளாகக் கருதி வரியே வராது என்றும் வாதிட இடம் உண்டு, அதை உங்கள் ஆடிட்டர் முடிவு செய்யட்டும்.

சரி, ஃபீஸ்? அதற்குக் கல்விக் கடன்தான் என் பதில். 3 லட்சத்துக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது, வித்யாலட்சுமி தளத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அவசரத்தில் விற்பவரின் விலையை வாங்குபவர்தான் வைப்பார். பதக்கம் வட்டி தராது, வாங்க ஆளும் குறைவு, அதனால் அதை முதலீடாகக் கணக்கில் எழுதாதீர்கள், அதே சமயம் அது உங்களிடம் சோறும் கேட்கவில்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி தம்பிக்கும் சகோதரிகளுக்கும், இருந்தால் அம்மாவுக்கும் அதில் சம பங்கு உண்டு. விற்பது என்று பின்னால் முடிவானால் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்றையும் ஒன்றாகவே கொடுங்கள்.