விடுதி கிடைத்தால் தில்லி

ஐயா, வணக்கம்.

என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். சென்னையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. இதற்கிடையில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கியூட் நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தாள், மார்க் நன்றாக வந்திருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் மிராண்டா ஹவுஸ், இந்துக் கல்லூரி என்று வரிசை போட்டு வைத்திருக்கிறாள். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். "வடக்கே போனால்தான் ஐ.ஏ.எஸ். ஆகலாம், அனுப்பு" என்கிறார் என் மச்சான். அவள் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் படித்தவர். என்ன செய்யட்டும்?

எஸ்., அருப்புக்கோட்டை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். குடிமைப் பணித் தேர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும், அவ்வளவுதான். எந்த ஊரில் வாங்கியது என்பது கணக்கில்லை. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அதற்காக யாரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 33 மணி நேரம் உட்கார வேண்டியதில்லை.

வரலாறு படிக்கத்தான் போகிறாள் என்றால் பேச்சு வேறு.

நான் பி.ஏ. படித்தது தென்மாவட்டத்தில், மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில். வகுப்பு என்றால் ஆசிரியர்கள் நோட்ஸ் சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம். பத்து மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் என்று அளவும் சொல்லிவிடுவார்கள். ஆனால் துறை அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் துறைத்தலைவர் சாவியை என்னிடம் தந்து, "எடுத்தா நோட்டுல எழுதி வை" என்றார். அந்த நோட்டில் எனக்கு முன்னால் கடைசியாக ஒருவர் புத்தகம் எடுத்தது ஏழு வருஷத்துக்கு முந்தி. கீழ்த்தட்டைக் கரையான் பாதி தின்றிருந்தது. மிச்சத்தை நான் தின்றேன். பட்டப் படிப்பு என்று நான் ஏதாவது படித்திருந்தால் அது அந்த பீரோவில்தான்.

எம்.ஏ.வுக்குத் தில்லி போனேன். முதல் டுடோரியலில் நாங்கள் ஐந்து பேர், ஓர் ஆசிரியை. என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி, எட்டு இடத்தில்: "இதைச் சொன்னது யார்?" எனக்குப் புரியவே இல்லை. புத்தகத்தில் இருந்ததைத்தானே எழுதியிருக்கிறேன்? அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது, எந்தக் கல்வெட்டு, எந்தக் கடிதம், அதை வேறு மாதிரி வாசித்தவர் உண்டா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அதே கட்டுரையை மூன்று முறை எழுதினேன். மூன்றாவது தடவை கேள்வி இரண்டாகக் குறைந்தது.

என்னைப் பொறுத்தவரை இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பாடம் நடத்துவதில் பெரிய ஏற்றத்தாழ்வு எதுவும் நான் பார்க்கவில்லை. அங்கேயும் தூங்கவைக்கிற வகுப்பு உண்டு, ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் உண்டு, வருஷா வருஷம் மாறுகிற தற்காலிக ஆசிரியர்கள் உண்டு. எழுதியதை ஒருவர் வரிவரியாகப் படித்துத் திருப்பித் தருவது அங்கே கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை.

பெயருக்காகத்தான் என்றால் நான் சண்டைக்கு வருவேன். நீங்கள் சொன்ன இரண்டு கல்லூரிகளும் மத்திய அரசின் தரவரிசையில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவைதான். ஆனால் 2023 பட்டியலில் அவற்றுக்கு அடுத்து, மூன்றாவதாக நின்றது சென்னை மாநிலக் கல்லூரி. 1840இல் தொடங்கியது, சி.வி. ராமன் படித்த இடம். தில்லிப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1922இல்தான். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.) தில்லியில் என்னோடு படித்துத் தென்னிந்திய வரலாற்றில் ஆய்வுக்குப் போனவர்கள் எல்லாரும் கோடை விடுமுறையில் எங்கே வந்தார்கள் தெரியுமா? எழும்பூருக்கு. ஆவணக் காப்பகத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார்கள். நடக்கிற தூரத்தில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். உங்கள் மகள் சென்னையிலேயே இருந்தால் இதெல்லாம் அவளுக்கு பஸ் டிக்கெட் செலவுதான்.

மொழியையும் யோசிக்க வேண்டும். அங்கே வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், பாதியில் இந்திக்குத் தாவும். தேர்வும் அந்த இரண்டில் ஒன்றில்தான். ஊரில் பேச்சுப் போட்டிக் கோப்பையெல்லாம் வாங்கிய நான், தில்லியில் டிசம்பர் வரைக்கும் வகுப்பில் வாயே திறக்கவில்லை. எனக்கு அப்போது 21 வயது. பதினேழு, பதினெட்டில் அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சில பேரை அது உடைக்கும், சில பேர் அதிலிருந்துதான் படிக்கவே தொடங்குவார்கள். உங்கள் மகள் எந்த ரகம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பணம். கல்லூரி விடுதியில் இடம் குறைவு, அதற்குத் தனி விண்ணப்பம். கிடைக்காவிட்டால் கமலா நகர், விஜய் நகர் பக்கம் பி.ஜி.தான் (வாடகைக்கு அறை தரும் தனியார் விடுதி). அங்கே ஒரு மாதம் கொடுக்கிற வாடகையில் இங்கே அரசுக் கல்லூரிக்கு ஒரு வருஷக் கட்டணம் கட்டி மிச்சமும் இருக்கும். இங்கே படித்தால், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் பி.ஜி. வாடகை கட்டினால் வீடு கடனில் விழும். அந்தக் கடன் அவள் தலையில் உட்கார்ந்திருக்கும்போது எங்கே வரலாறு படிப்பது?

அதனால் என் ஓட்டு இப்படி. கல்லூரி விடுதி கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள், அவள் அம்மா அழுதாலும். கிடைக்கவில்லையா, சென்னையிலேயே சேரட்டும். எம்.ஏ.வுக்குப் போகலாம். தில்லியில் இருக்கிற ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.), ஹைதராபாத் பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம் எல்லாம் முதுநிலைக்கான கியூட் வழியாகவே எடுக்கிறார்கள். இங்கே இருக்கிற மூன்று வருஷமும் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதி, ஆசிரியர்களில் யாராவது ஒருவரிடம் கொடுத்து "திருத்திக் கொடுங்க சார்" என்று நிற்கச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஒருவர் படிப்பார். அவரைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் நிற்க வேண்டும். பீரோ சாவியையும் கேட்கட்டும்.

அப்புறம், இன்றைக்கே செய்ய வேண்டிய இரண்டு வேலை. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால் உங்களிடம் இருக்கிற சாதிச் சான்றிதழ் தில்லியில் செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று, இந்த ஆண்டுத் தேதியோடு ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். போனதோடு விட்டுவிடாதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். இரண்டாவது, தில்லியில் விடுதிப் பட்டியல் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகுதான் வரும், அதற்குள் இங்கே வகுப்பே தொடங்கியிருக்கும். அவள் அந்த வகுப்புக்குப் போய் வரட்டும். பட்டியலில் பெயரைப் பார்க்கும் வரை சென்னைக் கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.