"கடலை இருக்கா"ன்னு கேட்காதீங்க: பூங்காச் சாப்பாடு, கேள்வி பதில்

பூஜை விடுமுறைக்கு பாலக்காட்டு எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் குடும்பங்களும் பொள்ளாச்சிச் சொந்தங்களும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்திருக்கிறோம். முதல் நாள் மலம்புழா ஃபேன்டசி பார்க், அடுத்த நாள் கொச்சி வொண்டர்லா. கேரளத்தில் ஒரு பூங்கா உணவகத்தில் 11 வருஷம் சமையலறை மேற்பார்வை பார்த்தவள் நான். அதனால் "இவங்களுக்கு இது ஆகாது, அவங்களுக்கு அது ஆகாது" என்ற கேள்வியெல்லாம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு தடவை சொல்லி மாளாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மா: அக்கா, பையனுக்கு 7 வயசு. நிலக்கடலை வாயில பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்குது. கூட்டிட்டு வரலாமா, வேண்டாமா?

கூட்டிட்டு வாங்க. ஆனா ஒரு வார்த்தையை மட்டும் வீட்டிலேயே விட்டுட்டு வாங்க. "கடலை"ங்கிற வார்த்தை.

நான் வேலையில் இருந்தபோது நடந்தது இது. கோயமுத்தூர்க்காரம்மா ஒருத்தர் கவுன்டரில் வந்து, "தம்பி, இதுல கடலை இருக்கா?" என்று கேட்டார். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "கடல இல்லா சேச்சீ" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. மலையாளத்தில் கடல என்றால் கறுப்புக் கொண்டைக்கடலை, புட்டுக்குத் தொட்டுக்கொள்கிற கறியில் போடுவது. அதுதான் அந்தத் தட்டில் இல்லை. கோஸ் சாலட் மேலே வறுத்துத் தூவியிருந்த நிலக்கடலைக்கு அவன் ஊர்ப் பேர் கப்பலண்டி. தட்டு மேசைக்குப் போகிற வழியில் தற்செயலாக நான் பார்த்தேன், வாங்கி வைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நம்ம எல்லையில் இரண்டு பாஷையும் ஒன்றுக்குள் ஒன்று என்ற தைரியம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. தெரியாத பாஷை என்றால் நாலு தடவை கேட்போம். தெரிந்த மாதிரி காதில் விழுந்தால் ஒரு தடவையோடு விட்டுவிடுவோம்.

அதனால் "கப்பலண்டி" என்று சொல்லுங்கள், கூடவே "நிலக்கடல" என்றும் சொல்லுங்கள். "அலர்ஜி" என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் பிடிக்காது என்று எடுத்துக்கொள்வார்கள். "கப்பலண்டி ஒட்டும் பாடில்லா, ஸ்வாசம் முட்டும்" என்று சொன்னால் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நோயின் பேரைவிட, தின்றால் என்ன ஆகும் என்பதுதான் சமையலறைக்குப் புரியும்.

எண்ணெய் விஷயத்தில் கேரளம் உங்களுக்குக் கொஞ்சம் தோது. அங்கே பெரும்பாலும் தேங்காயெண்ணெய், பாமாயில்தான். திரும்பும் வழியில் நம்ம பக்கம் சாப்பிடும்போதுதான் செக்குக் கடலெண்ணெயும் கடலைச் சட்னியும். அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

டாக்டர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள், பஸ்ஸிலும் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள் மருந்து கெட்டுவிடும். கரையில் உட்காரும் பெரியவர் ஒருவர் மடியில் இருக்கட்டும். மூச்சு இழுத்தால் முதலில் ஊசி, தொடையின் வெளிப்பக்கம். அப்புறம் 108. அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டு "பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை மூச்சைத் திறந்துவிடாது.

அதே அம்மா: மலையாளத்தில சொல்லிட்டா போதுமில்லையா?

முன்னே போதும். இப்போது கேரளத்துச் சமையலறைகளில் வங்காளம், அஸ்ஸாம், ஒடிசாப் பையன்கள் நிறைய. கவுன்டரில் மலையாளம், அடுப்படியில் வேறு பாஷை. வங்காளியில் நிலக்கடலைக்குச் சீனாபாதாம், இந்தியில் மூங்ஃபலி. நான் சொல்வது இதுதான்: செல்போனில் தோலோடும் தோல் இல்லாமலும் நிலக்கடலைப் படம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டி, பையனைக் காட்டி, கையை ஆட்டினால் எந்த ஊர்க்காரனுக்கும் விளங்கும். பெயர்ப்பலகை குத்திய சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கவுன்டர் பையனுக்கு உள்ளே என்ன போட்டார்கள் என்பதே தெரிந்திருக்காது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி: என் பொண்ணுக்கு செலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை கூடாது. அங்கதான் எல்லாம் அரிசியாச்சே, கவலை வேண்டாம்னு சொல்றாங்க.

சொல்கிறவர்கள் பரோட்டாவை மறந்துவிட்டார்கள் தம்பி.

அரிசிதான் நிறைய, உண்மை. இடியாப்பம், அரிசிப் புட்டு, பத்திரி, கஞ்சி எல்லாம் அரிசி. ஆனா புட்டுக்குழலில் காலையில் கோதம்புப் புட்டு வெந்திருக்கும், அதே குழலில் அடுத்தது உங்களுக்கு. இடியாப்பத்திலும் கோதுமை இடியாப்பம் உண்டு, பார்த்தால் நிறம் லேசாகப் பழுப்பு. ஆப்ப மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள், சிலர் அதற்கு வெள்ளை ரவையை எடுப்பார்கள். தோசைக்கல்தான் பெரிய வில்லன். சின்னச் சமையலறைகளில் பரோட்டாவும் தோசையும் ஒரே கல். கடை திறந்தவுடன் போய், தேய்த்துக் கழுவிய கல்லில் முதல் தோசை கேளுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்லை நம்ப வேண்டாம்.

பழம்பொரியைப் பார்த்து நம்ம வாழைக்காய் பஜ்ஜி மாதிரி என்று கொடுத்துவிடாதீர்கள். பஜ்ஜிக்குக் கடலைமாவு, பழம்பொரிக்கு மைதா.

அடுத்தது பெருங்காயம். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரும் ரசமும் பார்க்க அப்பாவி, உள்ளே அது. மலையாளத்தில் வெறும் "காயம்" என்பார்கள். "காயம் உண்டோ" என்று கேட்டால் புரியும். (என் மாமியார் முதல் தடவை இதைக் கேட்டுவிட்டு யாருக்கு அடிபட்டது என்று பதறினார்.)

அப்போ என்னதான் கொடுப்பது? வேகவைத்த கப்பை, அதாவது நம்ம மரவள்ளிக் கிழங்கு. கஞ்சியும் பயறும். வெறும் சோறும் மோரும். இந்த மூன்றும் இல்லாத கேரள அடுக்களை குறைவு. நேந்திரம் சிப்ஸும் நல்லதுதான், வேறு பலகாரம் பொரித்த எண்ணெயாக இல்லாத வரைக்கும். பாக்கெட் வாங்கினால் க்ளூட்டன் (கோதுமையில் இருக்கிற, இந்த நோய்க்கு ஆகாத புரதம்) இல்லை என்ற அச்சு இருக்கிறதா பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால் அப்படி அச்சடிக்க இந்தியச் சட்டம் விடாது.

கோபாலபுரத்திலிருந்து ஒரு அண்ணன்: புரட்டாசி மாசம். நாங்க 9 பேரும் சைவம். அங்க சைவம்னு போர்டு போட்டிருந்தா நம்பலாமா?

போர்டை நம்பலாம், கரண்டியை நம்ப முடியாது. சாதாரண ஊணு, அதாவது மதியச் சாப்பாடு, வாங்கினால் மீன்சாறு கூடவே வரும். அவர்களுக்கு அது சாம்பார் மாதிரி, தனியாகக் கேட்டு ஊற்றுவதில்லை. டோக்கன் வாங்கும்போதே "வெஜிட்டேரியன் ஊணு, மீன்சாறு வேண்டா" என்று சொல்லிவிடுங்கள். உருளை வறுவல் வாங்கினால் சிக்கன் பொரித்த அதே எண்ணெயா என்று கேளுங்கள். உச்சிப்பொழுது கூட்டத்தில் தனி எண்ணெய் வைத்திருந்தாலும் கலந்துவிடும், நானே பையன்களைத் திட்டியிருக்கிறேன். பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டம், இப்போது பழுப்பு முக்கோணம். முட்டை சேர்த்ததும் அந்த முக்கோணத்தில்தான் வரும், கேக்கு வாங்கும்போது பாருங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு மருமகள்: அத்தை வெங்காயம், பூண்டு தொடமாட்டாங்க.

ஓலன், காளன் இரண்டும் பழைய முறையில் வெங்காயம், பூண்டு இல்லாமல் செய்கிறவை. ஓலன் பூசணியும் பயறும் தேங்காய்ப்பாலும், காளன் சேனையோ வாழைக்காயோ போட்டுப் புளித்த தயிர். ஆனா கேட்கும்போது கவனம். "சவாள வேண்டா" என்றால் பெரிய வெங்காயம் மட்டும்தான் போகும், சின்ன வெங்காயம் தாளிப்பில் ஜம்மென்று விழும். "சவாள, உள்ளி, வெளுத்துள்ளி மூணும் வேண்டா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

எருத்தேம்பதியிலிருந்து ஒரு பெரியப்பா: கண்ணு, எனக்குச் சர்க்கரை. இன்சுலின் போடறேன். டீக்கடையில "சர்க்கரை போடாதே"ன்னா போதும்ல?

பெரியப்பா, நீங்க இந்தப் பக்கத்து ஆள், உங்களுக்கே தெரியணுமே! அங்கே சர்க்கர என்றால் வெல்லம். டீயில் வெல்லம் யார் போடுகிறார்கள் என்று அவன் தலையாட்டிவிட்டு, இரண்டு கரண்டி பஞ்சசாரையைப் போட்டு ஆற்றிக் கொடுப்பான். "பஞ்சசார வேண்டா" என்று சொல்லுங்கள். பால் இல்லாமல் வேண்டுமென்றால் கட்டன் சாயா.

சாப்பாட்டு நேரம்தான் உங்களுக்கு முக்கியம். ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றால் மயக்கம் வரும். ஒரு மணிக்கு வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். பதினொன்றே முக்காலுக்கெல்லாம் போய்விடுங்கள். தட்டு கைக்கு வந்தபிறகு ஊசி. டாக்டர் அரை மணி முன்னாடி போடச் சொன்ன வகையா என்று மட்டும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் ரெண்டு மணி நேரம் ஆடினாலே சர்க்கரை இறங்கும், பேரன் இழுத்தாலும் இடையில் கரையேறி எதையாவது கடியுங்கள். இன்சுலினைப் பஸ்ஸில் விடாதீர்கள். மட்டை அரிசிச் சோறு சர்க்கரையை ஏற்றாது என்று யாரோ சொன்னார்களாம், நேற்று பெரியம்மா கேட்டார். அளவு மீறினால் எந்தச் சோறும் ஏற்றும்.

வாளையாரிலிருந்து ஒரு தங்கை: வீட்டிலிருந்தே கட்டிட்டுப் போனா என்ன?

பெரும்பாலான பூங்காக்களில் வாசலில் வெளிச்சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். கைக்குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும் இடம் கொடுப்பது உண்டு. ஆனா வாசலில் நின்று வாதாடி வாங்குகிற விஷயம் இல்லை அது. இரண்டு நாள் முன்னாடி போன் போட்டு, பேசினவர் பெயரைக் குறித்துக்கொண்டு, டாக்டர் சீட்டின் நகலோடு போங்கள். செலியாக் பெண்ணுக்கும் கடலைப் பையனுக்கும் நானே பேசிவிட்டேன். மற்றவர்கள் புளிசாதத்தை பஸ்ஸிலேயே முடித்துவிடுங்கள்.

திருத்தணியிலிருந்து ஒரு நாத்தனார்: நாங்க உங்ககூட வரல அண்ணி, ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி போறோம். என் பொண்ணுக்கும் நிலக்கடலை ஆகாது.

உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். ஆந்திரா, தெலங்கானாவில் இட்லிக்கே பல்லிச் சட்னி. புளிஹோராவில் கடலை, கத்தரிக்காய்க் குழம்பில் அரைத்த கடலை, கண்ணுக்கே தெரியாது. அங்கே செனக என்றால் கொண்டைக்கடலை வகை, வேருசெனக என்றால் நிலக்கடலை. பாதி வார்த்தை விழுங்கினாலும் அர்த்தம் மாறிவிடும், "பல்லி" என்றே சொல்லுங்கள். சர்க்கரை விஷயத்தில் மட்டும் அங்கே நிம்மதி: சக்கெர என்றால் சீனிதான், வெல்லத்துக்கு பெல்லம்.

ஆனைமலையிலிருந்து ஒரு மாமா: எங்க பையன் சிங்கப்பூர்ல. அங்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போறோம், அப்புறம் அமெரிக்காவில ஃப்ளோரிடா டிஸ்னி. இதெல்லாம் அங்க செல்லுமா?

சிங்கப்பூரில் தமிழே ஆட்சிமொழிகளில் ஒன்று, பேச்சுக்குக் குறைவில்லை. சீனக் கடைகளில் சைவம் என்றால் பெரும்பாலும் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது, அது இரண்டும் தொடாதவர்களுக்குத் தோது. ஆனால் கறி மாதிரியே ஒன்று தட்டில் வரும், அது பாதிக்குமேல் கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்தது. கோதுமை ஆகாதவர்கள் தொடக்கூடாது. ஹலால் வேண்டுகிற நண்பர்கள் கூட வந்தால் மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்று மாட்டியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

ஃப்ளோரிடா டிஸ்னியில் அலர்ஜிக்காரர்களுக்கென்றே தனி மெனு அட்டை கேட்டால் தருவார்கள், சமையல்காரரே வெளியே வந்து பேசுவதும் உண்டு. சொந்தச் சாப்பாட்டையும் உள்ளே விடுவார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. நம்ம ஊர்ப் பூங்காக்காரர்கள் இந்த ஒன்றைப் பார்த்துப் படித்தால் தேவலை என்று எனக்கு வேலையில் இருந்த காலத்திலிருந்தே ஆதங்கம்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு பாட்டி, பேத்தி கேட்டு எழுதியது: போன தடவை குடிக்க "சுக்குவெள்ளம்"னு ஜக்குல வச்சாங்க. எனக்குத்தான் சர்க்கரையாச்சே, தொடவே இல்ல. நாள் பூரா நாக்கு வறண்டு கிடந்தேன்.

பாட்டி, அது சுக்கு போட்டுக் காய்ச்சின தண்ணி. இனிப்பு ஒரு பொட்டுகூட இல்லை. சில இடத்தில் ரோஸ் நிறத்தில் வைப்பார்கள், அது பதிமுகம் என்கிற மரக்கட்டைச் சீவல், அதையும் பயமில்லாமல் குடிக்கலாம். சித்தூரிலேயே இருந்துகொண்டு தண்ணியை வெல்லம் என்று நினைத்துவிட்டீர்களே! இந்தத் தடவை பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு உங்களுக்கு. முதல் டம்ளரை நானே ஊற்றித் தருகிறேன்.