ஒரு நிமிடக் காணொளி இரண்டு சமூகங்களைப் பகைக்க வைப்பது எப்படி?

பொய்க் காணொளிகளைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் கருதுகிறார்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் வாழும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. திரையில் தெரியும் காட்சி உண்மையாகவே இருந்தாலும், அது இரண்டு தரப்புகளுக்கு இடையே தீ மூட்டிவிடும் என்பதை 2016 செப்டம்பரில் இந்த எல்லைப் பகுதி நேரில் கண்டது.

அந்த மாதம் 5ஆம் தேதி, விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தமிழகத்துக்குக் காவிரி நீரைத் திறந்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு ஒகேனக்கல்லுக்கு வந்துசேரும் அந்த நீர், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குக் கண்ணெதிரே ஓடும் ஆறு. உத்தரவைத் தொடர்ந்து பதற்றம் கூடியிருந்த வேளையில், கன்னட நடிகர்களைப் பற்றி முகநூலில் எழுதியதற்காகப் பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரைச் சிலர் சூழ்ந்துகொண்டு அடித்து மன்னிப்புக் கேட்கவைத்த காட்சி பரவியது. அடுத்து, ராமேஸ்வரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவரைச் சிலர் தாக்கும் காட்சி பரவியது. இரண்டும் உண்மையாகவே நடந்தவை. ஆனால் தமிழர் தம்மவர் அடிபட்டதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கன்னடர் தம்மவர் அடிபட்டதையே பார்த்தார்கள். 12ஆம் தேதி பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. ஒரு தனியார் நிறுவனத்தின் பணிமனையில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. பேருந்துகள் எல்லையைத் தாண்டாததால், குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்கும் தமிழகப் பக்கத்து ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் நடந்தார்கள். அப்படி நடந்தவர்களில் இரு மொழிக்காரர்களும் இருந்தார்கள்.

அடித்தவர்கள் இங்கும் ஒரு சிலர், அங்கும் ஒரு சிலர். அந்தச் சிலரை ஒரு மாநிலத்தின் முகமாக மாற்றியதில் கைப்பேசியைவிடத் தொலைக்காட்சிக்கே பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. கைப்பேசியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய அடி, செய்தி அலைவரிசையில் நாள் முழுவதும் ஓடும்போது ஓர் ஊரே கூடி அடித்துக்கொண்டிருப்பதாக மனத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பிறகு, 'சமூக வலைத்தளங்களில் கொந்தளிப்பு' என்பதே தனிச் செய்தியாகிறது; மாலையில் தரப்புக்கு ஒருவராக அழைத்து விவாதம் நடத்துகிறார்கள். அங்கே அமர்பவர், முன்பின் அறியாத ஒருவரின் செயலுக்குத் தம் சமூகத்தின் சார்பில் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார், அல்லது தாமாகவே விரும்பி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

மொழியோ சாதியோ குறுக்கிடாத நிகழ்வுகளிலும் இது நேர்கிறது. 2023 பிப்ரவரி 2 அன்று, ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கான அனுமதி தாமதமானதால் தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்பட்டு, கல்வீச்சும் தடியடியும் நடந்தன. பேருந்துக் கண்ணாடி உடையும் காட்சியைப் பார்த்தவர்கள் இளைஞர்களை ரவுடிகள் என்றார்கள். காவல்துறை அதிகாரி ஒருவர் உதைக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் காவல்துறையை ஏசினார்கள். அனுமதி ஏன் தாமதமானது என்ற கேள்விக்குக் காட்சி எதுவும் இல்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசவும் அதிகம் பேர் இல்லை.

அடுத்த மாதமே வேறொன்று நடந்தது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த மோதல் என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது என்றும் அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு விளக்கம் வெளியிட்டார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. இங்கேயும் அடிதடி உண்மை. யார் யாரை அடித்தார்கள் என்பதுதான் பொய். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வடமாநிலத்தவர் ஏராளமாக வேலை செய்கிறார்கள் என்பதால், அந்தப் பொய் எங்களுக்குத் தொலைவில் நடந்த கதையாகத் தோன்றவில்லை. தொலைவிலுள்ள தாயோ மனைவியோ அந்தக் காட்சியைப் பார்த்தால் என்ன பாடுபடுவார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே பகிர்பவர்களைவிட ஒளிபரப்புகிறவர்களிடமே நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். காட்சி எந்த நாளில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, அதில் எத்தனை பேர் ஈடுபட்டார்கள், அதற்கு முன் என்ன நடந்தது என்ற விவரங்கள் கைக்கு வராதவரை அதை ஒளிபரப்பக் கூடாது. வந்தபின் காட்டினாலும், சுழற்சியில் ஓடவிடக் கூடாது. தவறு என்று தெரிந்தால், எந்த நேரத்தில் எத்தனை முறை காட்டினார்களோ, அதே நேரத்தில் அத்தனை முறை மறுப்பையும் காட்ட வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அடிவரியில் ஒருமுறை ஓடும் திருத்தம், மாலையில் கொதித்துப்போனவரின் கண்ணில் படுவதே இல்லை.