உதட்டு ஓரம் வெளிறிப்போவது ஏன்

குடியாத்தம் தோழிக்கு, உதட்டின் உட்புறம் அடர் சிவப்பு, ஓரத்துக்கு வரவர மங்கல் என்று கொரியப் பெண்கள் போடுவதுபோல் முயன்றால் ஓரம் வெளிறுகிறது, நடுவில் கோடு விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உதட்டோரம் இயல்பாகவே கருமை என்றும் சொல்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

அந்தக் கருமைமேல் உங்கள் நிறத்தைவிட வெளுத்த கன்சீலரை, அதாவது கருமையை மறைக்கும் கிரீமைத் தடவினால் சாம்பல் பூத்த மாதிரிதான் ஆகும். முகத்து நிறத்துக்கே ஒத்த கன்சீலரை, அதுவும் துளியூண்டு, ஓரத்தில் மட்டும் ஒற்றுங்கள். நானாக இருந்தால் கருமையை முழுசாக மறைக்கவே மாட்டேன். நம் நிறத்துக்கு அந்த ஓரம் அழகு. பழுப்பு கலந்த ரோஸ் லிப்ஸ்டிக்கை மேலே லேசாகப் பூசினாலே போதும்.

கோடு விழக் காரணம் உங்கள் மேட் லிக்விட் லிப்ஸ்டிக். அது காய்ந்தால் நகராது. லிப் டின்ட் (உதட்டில் ஊறும் மெல்லிய சாயம்) அல்லது சாதாரண லிப்ஸ்டிக் எடுங்கள். உதடு இரண்டும் சேரும் இடத்தில் வைத்து, மோதிர விரலால் தட்டித் தட்டி வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். இழுக்காதீர்கள், திட்டுத்திட்டாகிவிடும். விரலில் மிச்சமிருக்கும் சாயமே ஓரத்துக்குப் போதும். டின்ட் சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் ஒரு உதட்டை முடித்துவிட்டு, அப்புறம் அடுத்தது.

முன்னதாக வாசலின் தடவி, பத்து நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிசுக்கு இருந்தால் டின்ட் பிடிக்காது.

ஆம்பூரில் ரிசப்ஷன், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் என்கிறீர்கள். அந்த வெயிலுக்கு லிப் கிளாஸ் வேண்டாம், வழியும். பிரியாணி சாப்பிட்டால் உட்புறச் சிவப்புதான் முதலில் அழியும். டின்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.