கடனுக்கு முன் கணக்கு: பாடசாலைப் பிள்ளைகளுக்கு முயற்சியாண்மை கற்பித்தல் – கேள்வி பதில்

வன்னிப் பாடசாலைகளில் வணிகக் கல்வி கற்பித்து வருபவன் என்ற முறையில், தரம் 10 முதல் உயர்தரம் வரையான மாணவர்களுக்கு முயற்சியாண்மையை, அதாவது சொந்தமாகத் தொழில் தொடங்கி நடத்துவதை, கற்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டான், ஆசிரியை: முயற்சியாளரின் பண்புகளைப் பிள்ளைகள் மனனம் செய்து எழுதிவிடுகிறார்கள். செயல்முறையாகத் தொடங்க வகுப்பில் பணமும் இல்லை, பொருளும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது ஐயா?

பணமில்லாமல் தொடங்குவதே நல்லது, ரீச்சர். முதல் மாதம் எதையும் செய்யவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலும் அயலில் சில வீடுகளிலும் சென்ற கிழமை காசு கொடுத்து வாங்கியவை எவை, எங்கே வாங்கினார்கள், தேடிப்போய்க் கிடைக்காமல் திரும்பியது எது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். "இப்படியொரு பொருள் செய்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்கக் கூடாது, பிள்ளையின் முகத்துக்காக எல்லோரும் வாங்குவோம் என்றுதான் சொல்வார்கள். நடந்து முடிந்த செலவைக் கேட்டால் உள்ளது வரும்.

அந்தக் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கே வியப்பாக இருக்கும். காலையில் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டு, வரும் வழியிலேயே பால்மா வாங்கும் வீடு இருக்கும். உழுந்தை அறுவடையோடு மூட்டையாக விற்றுவிட்டு, தீபாவளிக்குத் தோல் நீக்கிய உழுந்தைக் கடையில் வாங்கும் வீடும் இருக்கும். ஏன் அப்படி என்று அடுத்ததாகக் கேட்க வைக்க வேண்டும். கைக்குக் காசு உடனே தேவைப்பட்டதா, வைத்திருக்க இடமில்லையா, உடைத்துப் புடைக்க ஆளில்லையா? ஒவ்வொரு காரணத்துக்குள்ளும் ஒரு தொழில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பிரித்தறியப் பழக்குவதுதான் முதல் தவணைக்குரிய பாடம்.

புதுக்குடியிருப்பு, ஆசிரியர்: ஆண்டுதோறும் மாணவர் சந்தை நடத்துகிறோம். பெற்றோர் வந்து எல்லாவற்றையும் வாங்கிவிடுவதால் எல்லாப் பிள்ளைகளும் இலாபம் காட்டுகிறார்கள். இது போதுமா?

சிறு வகுப்புகளுக்குப் போதும். தரம் 10க்குப் போதாது. பெற்றோர் வாங்குவது அன்பினால். அதை வைத்து விலையையும் தரத்தையும் பிள்ளை அறிய முடியாது. வட்டாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்குப் போனால் கச்சான் கடைகள் வரிசையாக நிற்கும்; அங்கே யாரும் யாருடைய முகத்துக்காகவும் வாங்குவதில்லை. அந்தக் கச்சானையே கணக்குப் பாடமாக்குங்கள்.

விலைகளைக் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். கோதுடன் 10 கிலோ கச்சான் 6,000 ரூபாய். 50 கிராம் பைகளாகக் கட்டினால் 200 பை, பை 50 ரூபாய், ஆகவே வரவு 10,000 என்று பிள்ளைகள் உடனே எழுதிவிடுவார்கள். மண்ணும் சொத்தையும் கழிந்து, வறுக்கும்போது ஈரமும் போய், மிஞ்சுவது 8.5 கிலோ என்றால் கிடைப்பது 170 பை; வரவு 8,500. பைகள், விறகு, பஸ் காசு எல்லாம் 1,400 என்றால் செலவு 7,400. கையில் 1,100 நிற்கும். வகுப்பு இந்த இடத்தில் கைதட்டும். இனி, இரண்டு பிள்ளைகள் ஐந்து மணித்தியாலம் வீதம் வேலை செய்ததை மணிக்கு 150 ரூபாய் எனக் கூலியாக எழுதச் சொல்லுங்கள். 1,500 சேர்ந்ததும் 400 ரூபாய் நட்டமாகிவிடும்.

எங்கள் பகுதியில் வீட்டுத் தொழில் செய்யும் பலர், குறிப்பாகத் தாய்மார், தங்கள் உழைப்பைச் செலவாக எழுதுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் ஏன் மிஞ்சவில்லை என்ற அவர்களுடைய கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த எழுதப்படாத வரியில்தான் இருக்கிறது. பிள்ளைகள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனாலே பாடத்துக்குப் பெரும் பயன் என்று நம்புகிறேன்.

விசுவமடு, சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாணவன்: பெறுபேறு வரும்வரை மிளகாய்த்தூள் பைக்கற் செய்ய விரும்புகிறேன். ஒரு இலட்சம் கடன் எடுக்கலாமா ஐயா?

வேண்டாம், தம்பி. 18 வயது நிறையாத நீங்கள் உங்கள் பெயரில் கடன் உடன்படிக்கை செய்ய முடியாது. அம்மாவின் பெயரில்தான் எடுக்க வேண்டியிருக்கும். கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் கடனால் எத்தனை குடும்பங்கள் இங்கே நகையையும் நிம்மதியையும் இழந்தன என்பதை நீங்களும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள்.

கணக்கையும் பாருங்கள். ஒரு இலட்சத்துக்கு ஆண்டுக்கு 24 வீதம் நிலையான வட்டி என்றால், 1,24,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்தில், மாதம் ஏறத்தாழ 10,333 வீதம் கட்ட வேண்டும். ஆனால் முழு இலட்சமும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டுமே. ஒவ்வொரு கட்டுக்காசோடும் முதல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 42 வீதம். இந்தக் கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் பாடசாலையை விட்டுப் போகுமுன் தன் கையால் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எவ்வளவு இழந்தால் வீடு தாங்கும் என்று முதலில் அம்மாவோடு இருந்து பேசுங்கள். அந்தத் தொகைக்குச் செத்தல் வாங்கிக் காயவைத்து, ஊர் ஆலையில் அரைப்புக் கூலி கொடுத்து அரைத்து, பத்து வீடுகளுக்குக் கொடுங்கள். இரண்டாம் முறை தாங்களாகக் கேட்டு வாங்கும் வீடு எத்தனை என்று பாருங்கள். ஆலை இயந்திரம் பற்றிய யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

அதே மாணவன்: கடைக்குக் கொடுப்பதென்றால் என்ன தேவை?

லேபிளில் பொருளின் பெயர், சேர்பொருட்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் (ஒரே தடவையில் செய்த பைக்கற்றுகளுக்கு இடும் இலக்கம்), உற்பத்தியாளரின் பெயர் முகவரி ஆகியன இருக்க வேண்டும். தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். வணிகப் பெயரைப் பெரியவர் ஒருவரின் பெயரில் பிரதேச செயலகத்தில் பதியலாம்.

மல்லாவி, ஒரு தாய்: மகன் உயர்தரம் வர்த்தகப் பிரிவு. காசைக் கண்டால் படிப்பை விட்டுவிடுவான் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. இடம்பெயர்ந்த காலத்திலும் எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சியது படிப்பு ஒன்றே என்பதை மறந்துவிட்டு யாரும் இதைப் பேசக் கூடாது. அதனால்தான் பாடசாலை முயற்சிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் முன்பே குறிக்கப்பட வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பின் மாணவர் கம்பனித் திட்டத்திலும், பிள்ளைகள் சிறு பங்குகள் விற்று ஒரு கம்பனி நடத்தி, குறித்த காலத்தின் முடிவில் கணக்கை ஒப்படைத்து அதைக் கலைத்துவிடுகிறார்கள். கிழமையில் ஒரு பின்னேரம் போதும். பரீட்சைத் தவணையில் அதுவும் வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து, பழைய மாணவர்: தொழில் தொடங்கப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தொகை அனுப்ப விரும்புகிறோம்.

நல்ல மனதோடு கேட்கிறீர்கள். ஆனாலும் காசாகக் கொடுக்க வேண்டாம். இலவசமாக வந்த முதலுக்குப் பிள்ளைகள் கணக்கு எழுதுவதில்லை. பாடசாலைக்கு நல்ல டிஜிட்டல் தராசு ஒன்றும் பைக்கற் ஒட்டும் இயந்திரம் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். அதைவிடப் பெரிய உதவி, அவர்கள் செய்யும் பனையோலைப் பெட்டியையோ ஒடியல் மாவையோ உங்கள் நகரக் கடைக்காரர் ஏன் எடுப்பார், ஏன் எடுக்கமாட்டார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி அனுப்புவது. பாராட்டுக் கடிதத்தைவிட அந்தக் கடிதம்தான் வகுப்புக்குத் தேவை.

முருங்கன், ஆசிரியர்: வெற்றி பெற்ற தொழிலதிபர்களைப் பேச அழைக்கலாமா?

அழைக்கலாம். ஆனால் சைக்கிள் திருத்துபவரையும் தையல் கடை நடத்தும் அக்காவையும் முதலில் அழையுங்கள். வியாபாரம் படுத்த மாதத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வையுங்கள்.

கிளிநொச்சி, ஆசிரியை: நட்டமடைந்த குழுவுக்குக் குறைந்த புள்ளியா? முடிவில் மிஞ்சும் பணத்தை என்ன செய்வது?

இலாபத்துக்குப் புள்ளி கொடுத்தால் பெற்றோரே வாங்கி இலாபமாக்கிவிடுவார்கள். நாளாந்த வரவு செலவு அன்றன்றே எழுதப்பட்டதா, உழைப்புக்குக் கூலி போடப்பட்டதா, விலையை மாற்றியதற்குக் காரணம் எழுதப்பட்டதா என்று பார்த்துப் புள்ளியிடுங்கள். நட்டம் எந்த இடத்தில் வந்தது என்பதைத் தன் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டும் குழுவுக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். மிஞ்சிய பணத்தில் முதலில் கடைக் கடன்கள், பிறகு முதல் போட்டவர்களுடைய பணம், பிறகு வேலை செய்த மணித்தியாலத்துக்கு ஏற்பக் கூலி. அதற்குப் பின்னும் மீதி இருந்தால் அடுத்த ஆண்டு வகுப்புக்கு முதலாக விடுவதா, பகிர்ந்துகொள்வதா என்று பிள்ளைகளே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்தையும் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட வேண்டும்.